கரண்டி கேட்டு வாங்கிய பந்து

பயிற்சி மைதானத்தில் அவரைக் கரண்டி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். நுனியில் கரண்டி மாதிரி குழி வைத்த நீளக் கம்பில் கிரிக்கெட் பந்தைச் செருகி, தோளைச் சுழற்றி விசிறி, பேட்ஸ்மேன்களுக்குப் பழக்கம் கொடுப்பது அவர் வேலை. கம்பு கையில் இருந்தால் பந்து நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் சீறும். வெறுங்கையால் போட்டால் பாதி வழியிலேயே கொட்டாவி விடும். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், "இன்னும் ஏத்துங்கண்ணே, எதிர் டீம்காரனுங்க இதைவிட வேகமாப் போடுவானுங்க" என்று பேட்ஸ்மேன்கள் அவர் உயிரை எடுப்பார்கள். இப்போது பேச்சே தலைகீழ். "குறைங்கண்ணே. இந்த வேகத்துல இப்ப எவன் போடறான்?"

இந்தக் கேள்வி அவர் காதுக்குள் எறும்பு மாதிரி புகுந்துகொண்டது. நாடு நாடாக இருந்த அசுர வேகக்காரர்கள் எல்லாம் எங்கே போய்த் தொலைந்தார்கள்? கண்டவரிடமெல்லாம் கேட்டார். உடம்பைக் கவனிக்கும் பிசியோ, "வருஷம் பூரா ஆட்டம். வண்டியை நிறுத்தாம ஓட்டினா என்ஜின் என்னத்துக்கு ஆகும்?" என்றார். கோச் வேறு கதை சொன்னார். "வேகமாப் போட்டா, மட்டையில பட்டு அதைவிட வேகமா பவுண்டரிக்கு ஓடுது. மெதுவாப் போட்டு ஏமாத்தினா விக்கெட். எந்த மடையன் முதுகை உடைச்சுக்குவான்?"

இரண்டும் நியாயம்தான். ஆனாலும் கரண்டிக்கு அரிப்பு அடங்கவில்லை. காரணம், அந்தக் கேள்வி அவர் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, ஒரு காலத்தில் அணியிலேயே அதிவேகப் பந்துவீச்சாளன். முதுகெலும்பில் விரிசல் விட்டு, நெடுநாள் படுத்து, இப்போதுதான் திரும்பி வந்திருந்தான். அவன் பந்து நூற்று நாற்பதைத் தொடவே இல்லை. கேட்டால், "அடக்கிப் போடறேன் மாமா. வேணும்னா எடுத்துவிடுவேன்" என்பான்.

நிஜமாகவே அடக்குகிறானா, இல்லை சரக்கு தீர்ந்துவிட்டதா? பிசியோவிடம் போய் நின்றார். "எலும்பு சேர்ந்தாச்சு, தாராளமாப் போடலாம். பையனுக்கு மனசுதான் சேரல" என்றார் அவர்.

வீட்டில் மட்டும் வேறு சட்டம். "அவனை ஏத்திவிட்டீங்கன்னு தெரிஞ்சுது, ராத்திரிக்கு மைதானத்துலயே படுத்துக்குங்க" என்று மனைவி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

கரண்டி நாலு நாள் சும்மா நின்று கவனித்தார். மைத்துனன் பந்தைப் போட்டதும் அது எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல், வேகம் காட்டும் பலகையைத்தான் பார்த்தான். எண் கொஞ்சம் ஏறினால் போதும், அடுத்த பந்தில் சுருங்கிவிடுவான்.

மறுநாள் காலை, மற்றவர்கள் வருமுன் கரண்டி தன் துண்டால் பலகையை மூடினார். காலில் பேடு, கையில் கீப்பர் உறை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி நின்றார்.

"மாமா, உங்களுக்குக் கீப்பிங் தெரியுமா?"

"தெரியாது. நீ ஸ்டம்பைப் பார்த்துப் போடு, மூஞ்சியைப் பார்த்துப் போட்டுடாதே. உங்கக்காவுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

உடம்பைச் சூடாக்க மெதுவாகச் சில பந்துகள். பிறகு கரண்டி கத்தினார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு கொடுடா. முழுசா!"

மைத்துனன் எல்லைக் கோட்டுப் பக்கம் போய்த் திரும்பினான். ஓடி வந்தான். பழைய நாளில் கடைசி எட்டில் அவன் வாயிலிருந்து வரும் அந்த உறுமலும் வந்தது. பந்து தரையில் அறைந்து எகிறி உறைக்குள் புகுந்தது. கரண்டி கையை உதறிக்கொண்டு வட்டமாகக் குதித்தார்.

"நூத்தம்பதுக்கு மேலடா! எரியுதுடா, பாவி!"

ஓடிப்போய்த் துண்டை இழுத்தார்கள். நூற்று முப்பத்தாறு.

"மிஷின் மப்புல இருக்கு" என்றார் கரண்டி.

"கம்புல ஒண்ணு போடுங்க மாமா."

அவர் விசிறினார். பலகை நூற்று நாற்பத்தொன்பது காட்டியது. மிஷின் தெளிவாகத்தான் இருந்தது. ஆயிரக்கணக்கில் வேகப்பந்து போட்ட மனிதர், ஒன்றைக்கூட வாங்கிப் பார்த்ததில்லை. கை எரிச்சலை வைத்து எண் சொன்னது அவர் தப்பு.

மைத்துனன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். "உள்ளே அடக்கி வெச்சிருக்கேன்னு நெனச்சேன் மாமா. உள்ளே ஒண்ணும் இல்ல."

கரண்டிக்கு ஆறுதல் சொல்ல வராது. "கோச் கேக்கற வேகம் இதுதானே? இனிமே அடக்கற வேலை மிச்சம்" என்றார்.

"வாயை மூடுங்க மாமா" என்றான் அவன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பந்தை விரலிடுக்கில் மாற்றிப் பிடித்து, மெதுவான பந்து ஒன்று போட்டுப் பார்த்தான். நன்றாக விழுந்தது. அவன் பலகைப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"முதுகு?" என்றாள்.

"முதுகு கல்லு மாதிரி இருக்கு. வேகம்தான் போயிடுச்சு. நூத்தி முப்பத்தாறு."

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தார். அவள் குழாயை மூடினாள்.

"அவன் ஓடி வர்றப்பல்லாம் பயத்துல கண்ணை மூடிக்குவேங்க. பந்து போனப்புறம்தான் திறப்பேன். ஒண்ணைக்கூட முழுசாப் பார்த்ததில்ல."

பிறகு அவர் கையை இழுத்து, சிவந்து வீங்கிய உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நூத்தி முப்பத்தாறுக்கே இவ்வளவா வீங்கும்?"