அபிக்கு முதல் சோறு ஊட்டிய அக்கா

பெரிய மாமா அவர்களே, என் அக்காவின் மகளுக்கு முதல் சோறு கிடைக்காமல் தடுத்தவர் நீங்கள். ஏழாம் மாதத்தில் தின்றிருக்க வேண்டிய சோற்றை அந்தக் குழந்தை பதினேழாம் மாதத்தில்தான் தின்றது.

இதை அச்சடிக்கக் கொடுத்தபோது அச்சகக்காரர் படித்துவிட்டு, "நினைவு மலர்ல இப்படி ஆரம்பிக்க மாட்டாங்கம்மா, மறைந்தவங்களப் பத்தி எழுதுங்க" என்றார். மறைந்தவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். அக்காவின் கடைசி வருடங்கள் ஒரு குழந்தையைச் சாப்பிட வைப்பதிலேயே கழிந்தன. அதை விட்டுவிட்டு எழுதினால் அது யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாக இருக்கும்.

அக்கா பிறந்தது பெரம்பலூரை அடுத்த குரும்பலூரில். அப்பா பருத்தியும் சின்ன வெங்காயமும் போட்டார். எங்கள் அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு எட்டு. பிளஸ் டூ முடித்ததும் அக்கா பெரம்பலூரில் ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்தார். நாள் முழுக்க நின்றே இருக்க வேண்டிய வேலை. கால் நரம்பு சுருண்டதுதான் மிச்சம். நான் படிப்பை விட்டுவிடுகிறேன் என்று சொன்னபோது ஓங்கி ஒரு அறை விட்டார். அப்படியும் நான் பத்தாம் வகுப்போடு நின்றேன். அதற்காக ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை.

பிறகு வரதராஜன்பேட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார். மாமா அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். குணத்தில் குறை சொல்ல முடியாத மனிதர், ஆனால் தன் அண்ணன் முன்னால் வாய் திறக்க மாட்டார். அந்த அண்ணன்தான் நான் மேலே சொன்ன பெரிய மாமா. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அபி பிறந்தாள். பிறந்ததும் அழவில்லை. ஆறு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. மூளை வளர்ச்சி மெதுவாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

மாமா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைக்கு முதல் சோறு குலதெய்வம் கோயிலில்தான். பங்காளிகள் எல்லாரும் கூடியிருக்க, அவர்களில் மூத்தவர் தன் கையால் ஊட்ட வேண்டும். அதற்கு முன் ஒரு பருக்கைகூடக் குழந்தையின் நாக்கில் படக் கூடாது. அந்த மூத்தவர் பெரிய மாமா. ஏழாம் மாதம் அக்கா போய்க் கேட்டார். "தல நிக்கட்டும். பங்காளிங்க முன்னாடி தல தொங்கிப்போயி மடியில கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்று பதில் வந்தது. பத்தாம் மாதம் கேட்டபோது உட்காரட்டும் என்றார். அதற்குப் பிறகு கேட்டபோது முந்திரிக் கொல்லைக்குக் கிளம்பிவிட்டார்.

அக்கா காத்திருந்தார். அதுதான் அக்கா செய்த தவறு, அதை நான் மறைக்கப் போவதில்லை. என் தவறையும் மறைக்கவில்லை. போனில் என்னிடம் கேட்டபோது, சாமி காரியம், அவசரப்படாதே என்று சொன்னவள் நான்தான். அதனால் அபி புட்டிப்பாலிலேயே கிடந்தாள். கை கால்கள் குச்சியாக இருந்தன.

அரியலூரில் இந்த மாதிரிக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் இருப்பதைப் பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லி, அக்கா தூக்கிக்கொண்டு போனார். அன்று நானும் கூடப் போயிருந்தேன். அங்கிருந்த பயிற்சியாளர் சின்ன வயதுப் பெண். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். பால் என்றார் அக்கா. வேறு என்ன என்று கேட்டதற்கு அக்கா பால் புட்டியையே எடுத்துக் காட்டினார். கோயில் விஷயத்தை நான்தான் சொன்னேன். அந்தப் பெண் திட்டவில்லை. அபியின் கன்னத்தையும் ஈறையும் விரலால் மெல்லத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமி காத்துக்கும்மா. இந்த வாய் காத்துக்காது."

திரும்பி வரும்போது ஜெயங்கொண்டம் வரைக்கும் பஸ்ஸில் அக்கா அபியின் கன்னத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் அரிசியைக் குழைய வடித்து, பருப்பும் ஒரு சொட்டு நெய்யும் விட்டு மசித்தார். சாமி படத்துக்கு முன்னால்கூட வைக்கவில்லை. நேராக அபியிடம் போனார்.

குழந்தைக்குச் சோறு ஊட்டுவது பெரிய காரியமா என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அபியைப் படுக்க வைத்து ஊட்டினால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். உட்கார வைக்க வேண்டும், ஆனால் அவளுக்கு உட்கார வராது. மாமா தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப் ஒன்றை எடுத்து முன்பக்கம் அறுத்து, ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தார். அதற்குள் இரண்டு பக்கமும் பழைய சேலைகளைச் சுருட்டி வைத்து நடுவில் அவளை இருத்துவோம். பாதம் தொங்கக் கூடாது என்று துண்டு சுற்றிய செங்கல் ஒன்று. தலை பின்னால் சாயாமல் அக்கா ஒரு கையால் பிடித்துக்கொள்வார். தட்டையான பிளாஸ்டிக் கரண்டியில் நுனியளவு சோறு. அதை நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தி, உதடு மூடும் வரை அப்படியே இருக்க வேண்டும். மேல் உதட்டில் வழித்துவிடக் கூடாது. விழுங்கினாளா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய்.

முதல் ஒரு மாதம் விழுங்கவே இல்லை. நாக்கு எல்லாவற்றையும் வெளியே தள்ளியது. ஓங்கரித்தாள், அழுதாள், அக்காவின் முகத்திலேயே துப்பினாள். அக்கா துடைத்துக்கொண்டு, "பெரியவரு மேல துப்ப வேண்டியத எல்லாம் எம்மேல துப்புறா" என்பார். மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அந்த வீட்டில் அவர் தன் அண்ணனுக்கு எதிராகச் செய்த ஒரே காரியம் அந்தச் சிரிப்பு.

ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கிண்ணத்தில் பாதி தரையில் கிடக்கும். அக்கா நிறுத்தவில்லை. ஒரு நாள் உதடு தானாக மூடியது. போன் பண்ணி, "வாய மூடிட்டாடி" என்றார். உடனே போனை வைத்துவிட்டார். நான் வேலை செய்யும் இடத்தில் எல்லார் முன்னாலும் அழுதேன். அதன் பிறகு மசியலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கினார். வேகவைத்த பூசணித் துண்டைக் கடைவாயில் வைத்து மெல்லப் பழக்கினார். இரண்டரை வயதில் அபி இட்லியை மென்றாள்.

இதற்கு நடுவில் பெரிய மாமா ஒரு நாள் வந்தார். அக்கா ஊட்டிக்கொண்டிருந்த நேரம். வாசலில் நின்றபடியே, "சாமிக்கு முன்னாடியே ஊட்டிட்டியா? அப்புறம் கோயிலு எதுக்கு?" என்று கேட்டார். அக்கா கரண்டியை எடுக்கவில்லை. அபியின் உதடு மூடும் வரை இருந்துவிட்டு, "புள்ள விழுங்கட்டும், பேசுறேன்" என்றார். அவர் நிற்காமல் போய்விட்டார். அந்த வருடம் குலதெய்வம் கோயிலில் பங்காளிகள் கூடிப் போடும் மாசிப் படையலுக்கு அக்கா வீட்டை அழைக்கவில்லை. அதற்கு அடுத்த வருடமும் இல்லை. முதலில் தலை நிற்கவில்லை என்று காரணம் சொன்னவர், தலை நின்ற பிறகு சாமி குத்தம் என்று காரணம் சொன்னார்.

அக்காவுக்கு வயிற்று வலி எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. சொல்லவில்லை. கடைசியில் டாக்டரிடம் காட்டியபோது, வயிற்றில் கட்டி, உடனே தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கச் சொன்னார்கள். அபிக்கு யார் ஊட்டுவார்கள் என்று அக்கா கேட்டார். அக்கா கையைத் தவிர வேறு கைக்கு அபி வாய் திறக்க மாட்டாள். ஒரு வாரம், பத்து நாள் யாராவது வந்து கூட இருந்து பழகட்டும் என்று பெரிய மாமா வீட்டுக்கு மாமாவை அனுப்பினார். அந்த வீட்டில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். சாமி குத்தம் உள்ள வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று பதில் வந்தது. இந்த விஷயம் எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது. தங்கையின் வேலை போய்விடக் கூடாது என்று அக்கா மறைத்துவிட்டார். அக்கா தஞ்சாவூர் போகாமலே இருந்த அந்த இரண்டு மாதத்தில் கட்டி பரவிவிட்டது.

வேலையை விட்டுவிட்டுப் போனேன். முதல் நாள் நான் கரண்டியை நீட்டியதும் அபி பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். எழுந்து உட்காரவே முடியாமல் இருந்த அக்கா, தான் போட்டிருந்த நைட்டியைக் கழற்றச் சொல்லி என் தோளில் போட வைத்தார். துவைக்கக் கூடாது என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, என் கையால் அவரே ஊட்டினார். "அவ வாய மூடுற வரைக்கும் எடுக்காத. உனக்குத்தான் அவசரம், அவளுக்கு இல்ல" என்றார். நைட்டியை முகர்ந்தபடி அபி வாயைத் திறந்தாள். ஒவ்வொரு நாளும் அக்காவின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அது எனக்குக் கற்றுக்கொடுப்பதற்காகவா, பலம் போனதாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நாள் கையை எடுத்துவிட்டார். அபி சாப்பிட்டாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தார், பதினோராம் நாள் இறந்தார். அடுப்பு மூட்டாத வீட்டில் அபிக்குப் பசி வந்தது. டீச்சர் தன் வீட்டில் சோறு குழைத்துக் கொண்டுவந்தார். முன்பக்கம் ஒப்பாரி நடக்க, கொல்லைப்புறத்தில் டப்பை வைத்து அந்த நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஊட்டினேன். ஒப்பாரிச் சத்தம் ஏறும்போதெல்லாம் அபி மெல்லுவதை நிறுத்துவாள். நான் கரண்டியை எடுக்காமல் இருந்தேன். கிண்ணம் காலியாகும்போது அக்காவைத் தூக்கிவிட்டார்கள். கடைசி முகம் நான் பார்க்கவில்லை.

ஒரு வருடம் ஆகிவிட்டது. அக்காவுக்கு உதவியவர்களை மறக்கவில்லை. வாய் காத்துக்காது என்று சொன்ன பயிற்சியாளர் அம்மா, சோறு கொண்டுவந்த டீச்சர், அக்கா குழந்தையோடு ஏறினால் யாரையாவது எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்த அரியலூர் பஸ் கண்டக்டர், ஆஸ்பத்திரியில் மாமாவோடு மாறி மாறிப் படுத்த லாரி டிரைவர்கள், அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. மாமாவுக்கும் நன்றி. இந்தக் கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டினேன். "ஒரு வரியும் எடுக்காத" என்றார்.

பெரிய மாமா அவர்களே, வருகிற மாசிப் படையலுக்கு நீங்கள் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் நாங்கள் வருகிறோம். அபிக்கு இப்போது நான்கு வயது. கோயில் தரையில் சாய்மானம் இல்லாமல் உட்காருவாள். சோற்றைத் தன் கையால் எடுத்து வாயில் வைப்பாள். பாதி சிந்தும். அவள் தின்று முடிக்கும் வரை பங்காளிகள் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கட்டும், நேரம் ஆகும். முடிந்ததும் நீங்கள் எழுந்து, அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொல்ல வேண்டும். தலை நிற்கட்டும் என்றீர்கள், நின்றது. உட்காரட்டும் என்றீர்கள், உட்கார்ந்தாள். பிறகு ஏன் அழைக்கவில்லை? பத்து நாள் ஒரு ஆளை அனுப்பியிருந்தால் அவளுக்கு ஊட்டிய கை இன்று இருந்திருக்குமா, இருந்திருக்காதா?