ஒரே ஒரு தலைக்கவசம்

சனிக்கிழமை மாலை நாலு நாற்பது. சண்டைப் பயிற்சியின் சுற்று முடிய எத்தனை நொடி என்று கையிலிருந்த செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் நிச்சயமாகத் தெரியும். மலைமேல் செம்மேட்டில் நான் கராத்தே சொல்லிக்கொடுத்த காப்பி உலர்த்தும் களத்தில், என் மகளின் இடது காதுக்கு மேலே ஓர் உதை விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. சிமெண்டுத் தரையில் கையூன்றி உட்கார்ந்தாள். "எந்திரி" என்றேன். எழுந்தாள். "தொடருங்க" என்றேன்.

நான் கற்றுக்கொண்டது மலைக்குக் கீழே, பதினோரு வயதில். பையன்களுக்கு நடுவே ஒரே பெண். வலிக்கிறது என்று சொன்னால் மறுநாளிலிருந்து வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அதனால் சொல்லாமலிருக்கப் பழகினேன். கல்யாணத்தோடு எல்லாம் நின்றது. கணவருக்கு மலையில் வேலை கிடைத்து, மகள் நடக்கத் தொடங்கிய பிறகு, மறுபடி பயிற்சி செய்து கறுப்புப் பட்டை வாங்கினேன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; ஆலத்தூர் நாட்டிலிருந்தும் குண்டூர் நாட்டிலிருந்தும் பெண்பிள்ளைகள் பஸ் பிடித்து என்னிடம் வந்தார்கள். மரவள்ளிக் காட்டு மண் காலில் காய்ந்திருக்க, வரிசையில் நிற்பார்கள். அவர்களிடமும் நான் எதிர்பார்த்தது அதே வாய்மூடல்தான். அதைத் தைரியம் என்று நம்பியிருந்தேன்.

எங்களிடம் இரண்டே தலைக்கவசங்கள் இருந்தன. அன்று ஒன்றின் வார் அறுந்திருந்தது. சண்டைப் பயிற்சியைத் தள்ளிவைத்திருக்க வேண்டும். ஆனால் முந்தின வாரம், பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஓர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குள் கிடந்தது. "மாஸ்டரூட்டுப் புள்ளையப் பூவாட்டம் பாத்துக்குவாங்க. நம்ம புள்ளைங்கதான் ஒதை திங்கோணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதனால்தான் மிஞ்சிய கவசத்தை எதிரில் நின்ற ஆலத்தூர் நாட்டுப் பெண்ணுக்கு மாட்டிவிட்டேன். அவள் என் மகளின் வகுப்புத் தோழி. ஒரு சாண் உயரம் அதிகம். மகள் என்னைப் பார்த்தாள். தன் இடத்தில் போய் நின்றாள்.

கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்தாள். ஆம்புலன்ஸ் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியது. அவள் தலை அசையாமலிருக்க இரு கைகளாலும் பிடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். பாதி மலை வரை "ம்" கொட்டினாள். பிறகு அதுவும் இல்லை. மூளைக்கு மேல் ரத்தம் கட்டியிருக்கிறது, உடனே திறக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஓடிவந்த கணவர் ஒன்றுதான் கேட்டார்: "கவசம் போட்டிருந்தாளா?"

"அந்தப் புள்ள ரொம்ப வேகமா ஒதச்சிட்டா" என்றேன்.

கேட்டதற்கு அது பதில் இல்லை. பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். விடிவதற்குள் நான் சொன்னது மலைமேல் ஊரெங்கும் பரவிவிட்டது.

மகள் பிழைத்தாள். இன்று அவள் வலது கையில் பென்சில் நிற்பதில்லை. 'தண்ணி' என்ற சொல்லைச் சில நேரம் அரை நிமிடம் தேடுகிறாள். நான் குறுக்கே எடுத்துக்கொடுத்தால் கோபப்படுகிறாள். களத்துப் பக்கம் நான் போவதில்லை.

அடிபட்ட மூன்றாம் நாள், மகள் இன்னும் கண் திறக்காதிருந்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு உதைத்த அந்தப் பெண் தன் அப்பாவோடு வந்தாள். அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், எம்புள்ள வேணும்னு செய்யலீங்க. ஊருல ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க. மூணு நாளா ஒரு வாய் சோறு திங்கலீங்க. உங்க காலுல உழுந்து மன்னிப்புக் கேக்கட்டும்னு கூட்டியாந்தேன். கேளு சாமி."

அவள் காலில் விழவில்லை. சுவரோரம் நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"நீங்க தொடருங்கன்னதும் நான் ஒதைக்காம நின்னுட்டனுங்க மாஸ்டர். அவதான் கிட்ட வந்து சொன்னா. தலை சுத்துதுடி, மெதுவா ஒதை, ஆனா நிறுத்திராத, எங்கம்மாவுக்கு அசிங்கமாப் போயிரும்னு."