அக்காவின் பொட்டலங்களை நான் கொட்டியது

எண்பதுகளின் கடைசியில் மதுரையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். படிப்பைவிட வாய் அதிகம். என்னம்மா படிக்கிறே என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், விட மாட்டேன். உடம்பில் செல்களைத் தாங்கிப் பிடித்திருப்பது கொலாஜன் என்கிற நார். அதை வெட்டுவதற்கு ஒரு நொதி உண்டு. அந்த நொதிக்கான மரபணு சும்மா கிடக்கும். இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து அதன் தலைமாட்டில் போய் உட்கார்ந்தால்தான் வேலையைத் தொடங்கும். புண் ஆற அது வேண்டும். ஆனால் வாதம் வந்து வீங்கிய மூட்டில் அந்த ஜோடி லேசில் எழுந்திருக்காது. நொதி ஊறி ஊறி மூட்டையே அரித்துவிடும்.

என் அக்காவுக்கு அதுதான். தென்காசியில் டீச்சர். விரலெல்லாம் வீங்கி, சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. வேலையை விட்டுரு என்று அத்தான் நச்சரிக்க ஆரம்பித்திருந்தார்.

ஆவணியில் ஊருக்குப் போனால், அக்கா குடம் நிறையத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருகிறாள்! சீசன் தொடங்கியதிலிருந்து தினமும் விடிந்ததும் குற்றாலம் போய், எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்கிறாளாம். "அருவி காப்பாத்திட்டு" என்று அத்தான் பூரித்தார். முகம் எப்படித் தெளிஞ்சிருக்கு பாரு என்றார்கள் பக்கத்து வீட்டில். தெளிச்சியா அது? உப்பி உருண்டிருந்தது. 

அக்காவைத் தனியே இழுத்துப்போய், மருந்து ஏதாவது தின்கிறாயா என்று கேட்டேன். அரிசி டப்பாவிலிருந்து பொட்டலங்களை எடுத்தாள். அருவிக்கரையில் ஒருவன் கொடுத்த பச்சிலைப் பொடி. குளிக்குமுன் வெறும் வயிற்றில் ஒன்று. "அத்தான்ட்ட சொல்லாதட்டி, கண்டதையும் திங்கேன்னு ஏசுவாரு."

"பச்சிலையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஸ்டீராய்டைக் கலந்திருக்கான். உன் மூஞ்சி உப்பியிருக்கதும் அதாலதான்."

எங்கள் லேபில் செல் வளரும் கிண்ணத்தில் ஸ்டீராய்டு விட்டால் அந்த மரபணு அப்படியே அடங்கிவிடும். எப்படி அடக்குகிறது என்பதுதான் அன்றைக்குப் பெரிய கேள்வி.

"என்னமும் இருக்கட்டும். என் கை மடங்குதுட்டி, பாரு." விரல்களை மடக்கி மடக்கிக் காட்டிச் சிரித்தாள்.

நான் பார்க்கவில்லை. "எலும்பைக் கரைச்சிரும், மூதி!" என்று கத்தி, அத்தனை பொட்டலத்தையும் சாக்கடையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். இனி தொட்டால் என் முகத்தில் முழிக்காதே என்றேன். அருவிக்கும் போகக்கூடாது என்றேன். அக்கா அரிசி டப்பாவை மூடி வைத்தாள்.

ஸ்டீராய்டு மாதக்கணக்கில் வெளியிலிருந்து வந்தால், உடம்பு தன் பங்குக்கு அதைச் சுரப்பதை நிறுத்திவிடும். சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. கிண்ணத்துச் செல் செத்தால் வேறு கிண்ணம் எடுத்துத்தானே எனக்குப் பழக்கம்!

மூன்றாம் நாள் பகலில் வாந்தி எடுத்து, அடுக்களையிலேயே சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பிரஷர் கிடைக்கவில்லை என்றாள் நர்ஸ். குளுக்கோஸ் ஏறியும் கை ஜில்லென்றே இருந்தது.

"என்ன மருந்து சாப்பிட்டாங்க?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் இல்ல சார். ரெண்டு நாளா அருவிக்குப் போகல, அதான்" என்றார் அத்தான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சொன்னால் படித்தவள் பவிசு என்னாவது? அக்கா செத்துக்கொண்டிருக்கிறாள், நான் அதைத்தான் யோசித்தேன். த்தூ!

அத்தான் மருந்துக்கடைக்கு ஓடிய பிறகுதான் வாய் வந்தது. "சார், பச்சிலைப் பொடியில ஸ்டீராய்டு. மூணு மாசம். நான்தான் நிறுத்தினேன்."

"இதை இப்பதான் சொல்லுதீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து ஓடி, அதே ஸ்டீராய்டை ஊசியில் போட்டார். ஒரு மணி நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்தாள்.

சாயங்காலம் அத்தான் கொதித்துக்கொண்டு வந்தார். பொடி விஷயத்தை டாக்டர் சொல்லியிருக்கிறார்; நிறுத்தியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாம தின்னதும் இல்லாம, திடீர்னு நிறுத்தியும் இருக்கே. எவன் நிறுத்தச் சொன்னான்?"

அக்கா என்னைப் பார்த்தாள். "யாரும் சொல்லல. கசந்துச்சு, நானே கொட்டிட்டேன்."

"புத்தி இருக்கா உனக்கு?" வார்டே திரும்பிப் பார்த்தது. "வீட்டுல படிச்ச பிள்ள நிக்கா. அவள்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.