ஹனோவர் நடைமேடையில் ஒரு கவிதை

ஹனோவர் ரயில் நிலையத்தில் பெர்லின் வண்டி தாமதம் என்கிறார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு ஜெர்மனில் ஏதோ முணுமுணுக்கிறாள். போன் வந்ததும் தமிழுக்கு மாறுகிறாள். "ஓம் அம்மா, சாப்பிட்டனான்."

நான் பேச்சுக் கொடுக்கிறேன். பெயர் ஆரணி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்த மகள். நாளை பெர்லினில் நாடகப் பள்ளி நுழைவுத் தேர்வு. நூறு வருடங்களுக்கு முன்பு பெர்லினைப் பற்றி ஒரு யூதப் பெண் எழுதிய கவிதையைச் சொல்லப்போகிறாள். போன வருடமும் இதையே சொன்னாளாம். உங்கள் நாட்டுக் கவிதை எதுவும் இல்லையா என்று கேட்டு, தேர்வு செய்யாமல் அனுப்பிவிட்டார்களாம்.

"இந்தத் தடவை வேற கவிதை சொல்லலாமே?"

"சொல்லலாம் அக்கா. ஆனா இதை எழுதினவவையும் இந்த நாட்டு ஆள் இல்லையெண்டுதான் துரத்தினவை. அவவின்ர நாடும் இதுதான், என்ர நாடும் இதுதான். நான் மாத்த மாட்டன்."

எனக்கு ஜெர்மன் தெரியாது. இருந்தும் சொல்லிக் காட்டச் சொல்கிறேன். எழுந்து நின்று, நடைமேடை முழுக்கக் கேட்கும்படி, கூச்சமில்லாமல் தொடங்குகிறாள். பெட்டியை இழுத்துக்கொண்டு போன ஒரு முதியவர் நின்றுவிடுகிறார். வண்டி வந்து கதவுகள் திறக்கின்றன. கடைசி வரியை நிதானமாகச் சொல்லி முடித்த பிறகுதான் ஆரணி ஏறுகிறாள்.