டாங்கிமேல் ஓர் இடம்

வெள்ளிமலைக்கு முதன்முதலாகப் பஸ் விட்டதற்கு மறு வருஷம் என் அம்மா மௌத்தானார். மலையூர்களில் துணி விற்கப் போகும் அத்தா, என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆளில்லாமல், தன் மோட்டார் சைக்கிளில் இரண்டு இரும்புக் காதுகளைப் பற்றவைத்து, அவற்றின்மேல், பெட்ரோல் டாங்கிக்கு மேலாக, நான் உட்கார ஒரு பலகை பொருத்தினார். பின்னால் துணி மூட்டை, முன்னால் நான். வளைவுக்கு வளைவு அவர் சட்டைப் பொத்தான் பின்மண்டையில் உரச, அந்தப் பெட்ரோல் வாசனையிலேயே அவருடைய இரண்டு கைகளுக்கு நடுவில் தூங்கிப்போவேன்.

மலைப் பெண்கள் என்னைக் காட்டி, "பாயி, இது இன்னா விலை?" என்பார்கள்.

"இது விக்கறதுக்கு இல்லம்மா" என்பார் அத்தா.

இன்று வாசலில் அதே வாசனை, தம்பி. பேரன் அந்த வண்டியைப் பிரித்துப் போட்டுப் புதுசாக்கிக்கொண்டிருக்கிறான். பலகை எப்போதோ போய்விட்டது.

"இன்னா தாதா இந்த ரெண்டு காது? கம்பெனி வெச்சது இல்ல. அசிங்கமா கீது, நாளைக்கு அறுத்துடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டுக் கேட்கும் ஒயரை மாட்டிக்கொண்டான். அதற்குமேல் என் குரல் எட்டவில்லை. வாசல் பக்கம் போனால் நீங்களாவது அவனிடம் சொல்லுங்கள் தம்பி, அது தாதா உக்காந்த எடம், வுட்டுடுன்னு.