சென்சாரில் ஒட்டிய சாமை உமி

அந்தப் படத்தில் என் அம்மா ஒற்றை மூங்கில் ஏணியின் உச்சியில் நிற்கிறாள். ஒரு கை சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிய மிளகுக் கொடியில், இன்னொரு கை இடுப்பில் கட்டிய சாக்குப் பைக்குள். பின்னால் மாசி மாதத்து வெளுத்த வானம். இடது மேல் மூலையில், அவள் தலைக்குச் சற்றுத் தள்ளி, மங்கலாக மூன்று கரும்புள்ளிகள். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் ஒரு மனிதரை ஊர் பார்க்கத் தலைகுனிய வைத்தேன். அதற்காக இதுவரை ஒருநாளும் நான் வருந்தியதில்லை.

அவரை ஸ்டூடியோ அண்ணன் என்று மட்டும் சொல்கிறேன். மலையடிவாரத்து ஊரில் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்து, மலைமேல் எங்கள் பெரக்கரை நாட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி அவரிடம் கல்யாணப் படமெடுக்கச் சேர்ந்தேன். பேச்சில் தேன் ஒழுகும். கண்ணு என்பார், சாமி என்பார். யாராவது வாடிக்கையாளர் கடைக்குள் வந்துவிட்டால் மட்டும் அந்தத் தேனில் ஒரு கொடுக்கு முளைக்கும். "பையன் மலையிலிருந்து வர்றானுங்க. பஸ் ஏறத் தெரிஞ்சுக்கிட்டான், இனி பாக்கி எல்லாம் நாந்தான் சொல்லிக் குடுக்கோணும்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். 

பழைய கேமரா ஒன்றைச் சொந்தமாக வாங்கிய கையோடு, எங்கள் களத்தில் சாமை தூற்றுவதைப் படமெடுக்கப் போனேன். அம்மா முறத்தை உயர்த்த, காற்று உமியைப் பிரித்துக்கொண்டு போகிறது. அழகு தாங்காமல், அந்தக் காற்றுக்கு நடுவிலேயே லென்ஸைக் கழற்றி வேறொன்று மாட்டினேன். களத்து மேட்டில் வளர்ந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. எங்களுக்கு உமி தூசி அல்ல, விளைச்சல் வந்துவிட்டதன் அடையாளம். முகத்தில் அடித்தால்கூடத் துடைக்க மாட்டோம். கேமராவுக்கு அது தெரியாது. மூன்று துணுக்குகள் உள்ளே போய், படம் பதியும் சென்சார் தகட்டில் ஒட்டிக்கொண்டன. மண்டபத்துக்குள், லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரை அகலத் திறந்து எடுத்தால் அவை தெரிவதில்லை. வெளிச்சமான வானத்தைப் பார்த்து, அப்பர்ச்சரைச் சுருக்கி எடுத்தால் அதே மூன்று புள்ளி அதே மூலையில் வந்து நிற்கும். உமி வளைந்திருப்பதால் ஒவ்வொரு புள்ளிக்கும் சிறகு விரித்த சாயல் வேறு.

அம்மாவின் படத்தை எடுத்த பிறகு, சென்சாரைச் சுத்தம் செய்து தரச் சொல்லி அண்ணனிடம் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் உரக்கச் சிரித்தார்.

"ஏன் கண்ணு, சென்சார்ல சாமை வெதைச்சிருக்கியா? எப்ப அறுப்பு?"

கேமராவை மேசையில் தள்ளி வைத்தார். இதெல்லாம் போகாது, வேறு வாங்கிக்கொள் என்றார். மெமரி கார்டை மட்டும் வைத்துக்கொண்டு மறுநாள் தந்தார். "உள்ள வைரஸ் கெடந்துச்சு. சுத்தமாத் தொடைச்சுட்டேன்." துடைக்க வேண்டியதை விட்டுவிட்டு, வேண்டாததைத் துடைத்திருந்தார். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் நான் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அம்மாவின் படம் போய்விட்டது என்று நம்பினேன்.

ஆடி மாதம் மலையில் விழா. மலர்க் கண்காட்சி பார்க்க அம்மாவைக் கூட்டிப்போனேன். பக்கத்து மண்டபத்தில் போட்டிக்கு வந்த புகைப்படங்களை மாட்டியிருந்தார்கள். அம்மாதான் முதலில் நின்றாள். "சாமி, அது என்ர சீலை" என்றாள். சட்டம் போட்டுப் பெரிதாக அவளே தொங்கினாள். கீழே முதல் பரிசு என்ற அட்டை, அதில் ஸ்டூடியோ அண்ணன் பெயர். பக்கத்தில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் அவரே நின்று, பரிசுக்குத் தேர்வு செய்த அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தார்.

அதிகாரி புள்ளிகளைக் காட்டினார். "அந்த மூணு பறவைதாங்க படத்துக்கே உயிர்."

சாமை வெதைச்சிருக்கியா என்று கேட்ட அதே வாய் சொன்னது: "குருவி கூட்டுக்குத் திரும்புற நேரமுங்க சார். அதுக்குத்தானே மரத்தடியில காத்துக் கெடந்தேன்!"

அம்மா குறுக்கே புகுந்தாள். "ஏனுங்க சார், அது எம் பையன் எடுத்ததுங்க."

அண்ணன் பதறவில்லை. என் தோளில் கை போட்டார். "நம்ம பையந்தானுங்க. அன்னிக்கு ஏணி புடிக்கக் கூட்டிட்டுப் போனேன். ஏணி புடிச்சவன் இன்னிக்குப் படத்தையே புடிக்கப் பாக்குறான்!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடையில் சிரித்த அதே சிரிப்பு. ஆனால் இம்முறை என் அம்மா நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

என் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அந்தக் குருவிங்க இப்ப எங்க இருக்குதுங்க?"

"மலையில குருவிக்கா பஞ்சம்?"

"அப்ப இங்கயும் இருக்குமுங்க" என்று சொல்லி, அப்பர்ச்சரைச் சுருக்கி, சுண்ணாம்படித்த சுவரை ஒரு படம் எடுத்து அதிகாரியிடம் காட்டினேன். இடது மேல் மூலையில் மூன்று குருவிகள். வாசலுக்குப் போய் வெறும் வானத்தை எடுத்தேன். மூன்று குருவிகள். திரும்பி வந்து, "அண்ணா, கொஞ்சம் நேரா நில்லுங்க" என்றேன். வெள்ளைச் சட்டை படம் முழுக்க நிறையும்படி நெருங்கி எடுத்தேன். அவர் தோளில் வந்து உட்கார்ந்தன மூன்றும்.

எட்டிப் பார்த்த ஒருவர் கத்தினார்: "அட, அண்ணன் தோள்மேலயே கூடு கட்டிருச்சுங்க!"

இப்போது சிரிப்பு திசை மாறியது. அதிகாரி கேமராவை வாங்கித் தானே சுவரை எடுத்துப் பார்த்தார். மாட்டியிருந்த படத்தோடு ஒப்பிட்டார். "இது பறவை இல்லையா?" என்றார்.

"தூசிங்க சார். எங்க களத்துச் சாமை உமி. இந்தக் கேமராவுல எடுத்தா மட்டுந்தான் இந்த எடத்துல விழும்."

அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். "கண்ணு, தனியாப் பேசிக்கலாம் வா."

"ஏணி புடிச்சேன்னு எல்லாரு முன்னாலயுந்தானே சொன்னீங்க. இதையும் எல்லாரு முன்னாலயே பேசுங்க."

அவர் என் முழங்கையை விட்டுவிட்டுப் பின்வாங்கினார். அதிகாரி சொன்னதும் அட்டையைக் கழற்றி என் பெயரை எழுதினார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஏணிய ஒருத்தனும் புடிக்கலைன்னு அதையும் எழுதச் சொல்லு சாமி. நான் ஏறுனா எவனும் புடிக்க வேண்டியதில்ல."

இப்போது நான் தனியாகத் தொழில் செய்கிறேன். வயதில் மூத்தவர், தொழில் தந்தவர், மன்னித்துவிடு என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அவர் திருடியது ஒரு படம் மட்டுமென்றால் நானும் யோசித்திருப்பேன். அவள் மரத்தைப் பற்றி என் அம்மா சொன்ன சாட்சியையே செல்லாததாக்கப் பார்த்தார். படித்து முடித்தபின் நான் சம்பாதித்த ஒரே பெருமையை, ஏணி பிடித்த கூலியாகச் சொல்லி முடித்தார். அதை எந்தக் கணக்கில் மன்னிப்பது?

போன வைகாசியில் அடிவாரத்தில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் என்னை அழைத்திருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் அவரை. முகூர்த்தம் முடிந்து மணமக்களை வெட்டவெளிக்குக் கூட்டிப்போனோம். புழுதிக் காற்று எழும்பியது. அவர் லென்ஸைக் கழற்றியிருந்தார். புது மாதிரிக் கேமரா அது. லென்ஸ் இல்லாவிட்டால் சென்சார் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். உள்ளே பார்த்துவிட்டுச் சட்டைப் பையைத் தடவினார். பிறகு என்னிடம் வந்தார்.

"கண்ணு, தூசி ஊதற பந்து வெச்சிருக்கியா?"

அந்த ரப்பர் பந்து என் பையின் ஓரத்தில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. "இல்லீங்கண்ணா" என்று சொல்லி, அவர் பார்க்கவே ஜிப்பை இழுத்து மூடினேன்.

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கேமராவை வாயருகே கொண்டுபோய் ஊதினார். வாயால் ஊதினால் எச்சில் தெறித்து சென்சாரில் காய்ந்துவிடும். அதற்கப்புறம் எந்தக் காற்றுக்கும் அது அசையாது. அது அவருக்கும் தெரியும். மணமக்கள் காத்திருந்தார்கள், வேறு வழியில்லை. லென்ஸை மாட்டி, மண்டியிட்டு, கீழேயிருந்து அவர்களைக் குறிபார்த்தார். மலை வரைக்கும் மேகமில்லாத வெளிர் வானம் விரிந்து கிடந்தது.

"அண்ணா," என்றேன், "வானத்த நல்லா நெறையாச் சேத்து எடுங்க."