கம்பெனி பஸ்ஸும் பாக்கியம் அக்காவின் காலும்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. கொம்போ காலோ விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ பஸ்ஸில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் படிப்பதற்காக எழுதித் தரும்படி எங்கள் ஆபீஸ் கவிதா கேட்டார். முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட இது சுலபம் என்று ஒப்புக்கொண்டேன்.

1. முதல் நாள்

கணவர் இறந்த பிறகு ஈப்போவில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன். பிள்ளைகள் இல்லை. வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் ஆபீசில் கூட்டித் துடைக்கும் வேலை. எல்லாரும் வருவதற்குள் முடித்துவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்துகொள்வேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

இந்த நாட்டில் பெட்ரோல் விற்றுச் சம்பாதிக்கிறோம், ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்தக் கம்பெனி ஒரு பஸ்ஸைக் கிளினிக்காக மாற்றியது. மாதம் ஒரு முறை பழைய ரப்பர் தோட்டங்களுக்கு அதை அனுப்பினார்கள். அதற்கு சி.எஸ்.ஆர். என்று பெயர். கவிதா அதற்குப் பொறுப்பு. டாக்டர் லிம் சீனர். மலாய் நன்றாகப் பேசுவார், தமிழ் தெரியாது.

"அக்கா, நீங்க தோட்டத்துல பொறந்தவங்க. பஸ்ஸோட வாங்க. டாக்டர் சொல்றத தமிழ்ல சொல்லணும், கோப்பி கலக்கணும். அவ்வளவுதான் லா" என்றார் கவிதா.

பேச வேண்டும் என்றதும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கோப்பியை நினைத்துக்கொண்டு சரி என்றேன். எங்கள் எல்லாருக்கும் கம்பெனிப் படம் போட்ட சட்டை கொடுத்தார்கள்.

முதல் நாள் சுங்கை சிப்புட் தாண்டி ஒரு தோட்டத்துக்குப் போனோம். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இளவட்டங்கள் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போய்விட்டார்கள். வயதானவர்கள் மட்டும் வரிசை வீடுகளில் இருந்தார்கள். பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகும் தாய்மார்கள் அந்தக் காலத்தில் குழந்தைகளை விட்டுப் போன ஆயாக் கொட்டகை இன்னும் நின்றது. அதன் முன்னால் பஸ்ஸை நிறுத்தினோம்.

முதலில் வந்தவர் பாக்கியம் அக்கா. அவரும் பால்மரம் வெட்டியவர்தான். மகள் ஜோகூரில் இருந்ததால் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எண்ணெக் கம்பெனின்னாங்க. ஆளுக்கு ஒரு போத்தல் சமையல் எண்ணெ குடுப்பீங்களா?"

"இது பெட்ரோல் கம்பெனிக்கா."

"பெட்ரோலா? எனக்கு மோட்டார் சைக்கிள் இல்லையே லா. அப்ப கோப்பிய ஊத்து. சீனிய நெறையப் போடு."

2. எல்லாரும் நல்லா இருக்காங்க

பஸ் வரும் நாளில் லயத்தில் எல்லாரும் குளித்து, பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வருவார்கள். டாக்டர் என்ன கேட்டாலும் ஒரே பதில்: "நல்லா இருக்கேன் டாக்டர்." தலைவலிக்கு மாத்திரை கேட்பார்கள். விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்க்க விட மாட்டார்கள். கோப்பி குடித்துவிட்டுக் கதை பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

இது ஏன் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் இப்படித்தான். விடியுமுன் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள்கள் வரிசையில் நிற்கும்போது, முடியவில்லை என்று சொன்னால் டிரெஸ்ஸர் பார்ப்பார். அவர்தான் எங்களுக்கு டாக்டர் மாதிரி. அவர் ஒருவரை வேலைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டால் பேரேட்டிலிருந்து பெயர் போய்விடும். பெயர் போனால் வீடு போய்விடும், ஏனென்றால் வீடு கம்பெனியுடையது. அதனால் காய்ச்சலோடு மரம் வெட்டப் போனவர்கள் உண்டு. டாக்டர் மாதிரி ஒருவர் முன்னால் நின்றால் வாய் தானாக 'நல்லா இருக்கேன்' என்றுதான் சொல்லும்.

இதைக் கவிதாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் வேகமாகப் பேசுகிறவர். இடையில் புகுந்து பேச எனக்கு வரவில்லை.

சில மாதம் போனது. ஒரு நாள் கவிதா பஸ் படியில் உட்கார்ந்து சொன்னார். "அக்கா, இங்க யாருக்கும் ஒன்னும் இல்லயாம். மருந்து வாங்க ஆளில்லன்னா பஸ்ஸ பத்து காஜா ஊர்ப் பக்கம் அனுப்பச் சொல்றாங்க. அடுத்த மாசம்தான் இங்க கடைசி."

அன்றைக்குத்தான் பாக்கியம் அக்காவுக்குக் கோப்பி கொடுக்கக் குனிந்தேன். அவர் வழக்கம்போல வெள்ளைத் துணி ஷூ போட்டிருந்தார். பவுடர் வாசனையையும் மீறி ஒரு நாற்றம் வந்தது. மாமியாருக்குச் சீனி வியாதியில் கால் அழுகியபோது வந்த அதே நாற்றம்.

ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"அக்கா, அந்தக் கால காட்டுங்க."

"ஏன்டி, எங்காலு மேல ஒனக்கு அவ்வளவு ஆசையா?"

"நாறுது அக்கா."

அவர் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "சரசு, சொல்லிறாத. தெரிஞ்சா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவானுங்க."

"டிரெஸ்ஸர் செத்து எத்தன வருஷமாச்சு!"

"அவன்தான் செத்தான். வீடு இன்னும் கம்பெனியோடது தானே லா?"

"அது தோட்டத்துக் கம்பெனி. நாங்க வேற கம்பெனி அக்கா."

என் சட்டையில் இருந்த படத்தைத் தட்டிக்காட்டினார். "எல்லாம் கம்பெனிதான். நீ சொன்னா, அடுத்த தடவ நான் கதவத் தொறக்க மாட்டேன்."

அவர் சொன்னால் செய்கிறவர். டாக்டரிடம் சொன்னால் கதவைச் சாத்திக்கொள்வார். சொல்லாவிட்டால் கால் போய்விடும், உயிரும் போகலாம். அந்த மாதம் முழுவதும் அறையில் ஒற்றையாக உட்கார்ந்து இதையே நினைத்தேன். கேட்பதற்கும் யாரும் இல்லை.

3. நாற்காலி

கடைசி நாள் வந்தது. மழை பெய்ததால் டாக்டர் தன் நாற்காலியை ஆயாக் கொட்டகைக்குள் போட்டுக்கொண்டார். நோயாளி உட்கார எதிரில் இன்னொன்று. லயத்துப் பெண்கள் எல்லாரும் உள்ளே, ஆண்கள் வாசல் பெஞ்சில். முதல் ஆளாக நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் கோப்பி வந்திருக்கிறது என்று நினைத்துக் கையை நீட்டினார்.

என் உடம்பில் இருக்கும் கோளாறை டாக்டருக்கு மலாயில் சொன்னேன். பிறகு அதையே எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன்.

"இருமினா, சிரிச்சா, எனக்கு ஒன்னுக்கு கசிஞ்சிருது. சேல நனைஞ்சிருமோன்னு கல்யாணம், கோயில்னு எங்கயும் போறதில்ல. வருசக்கணக்கா யாருகிட்டயும் சொல்லல."

என் காது இரண்டும் சுட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

பின்னாலிருந்து செல்லம்மா என்ற பெண் குரல் கொடுத்தார். "அடிப்பாவி, அதுக்குத்தான் நீ சிரிக்கவே மாட்டியா? நாங்க திமிருன்னுல நெனச்சோம்!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "எனக்குந்தான் வருது லா" என்று அவரே சொல்ல, இன்னும் சிரிப்பு. டாக்டர் சிரிக்கவில்லை. இதற்குப் பயிற்சி இருக்கிறது, குணமாகும் என்று பொறுமையாகச் சொன்னார். அதை நான் தமிழில் சொல்லி முடிக்குமுன் பாக்கியம் அக்கா எழுந்துவிட்டார்.

"செல்லம்மா, தள்ளு. இவளே மூத்திரத்த ஊருக்குச் சொல்லிட்டா. எனக்கென்ன வந்துச்சு."

உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன. அவர் டாக்டரைப் பார்த்து, "வீட்ட விட்டுக் கெளப்ப மாட்டீங்கல்ல?" என்றார். நான் மலாயில் சொன்னேன்.

டாக்டர் தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "வீடு யாருடையது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கால் மட்டும்தான்" என்றார். அதையும் சொன்னேன். பாக்கியம் அக்கா தலையாட்டினார்.

அன்றே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள், கால் தப்பியது. அன்று கொட்டகையில் மற்றவர்களும் ஒவ்வொன்றாகச் சொன்னதால் பஸ்ஸை மாற்றவில்லை. கவிதா ஆபீசில் பேசி நிறுத்திவைத்தார்.

ஆனால் பாக்கியம் அக்கா லயத்துக்குத் திரும்பவில்லை. ஜோகூரிலிருந்து மகள் வந்து ஆஸ்பத்திரியிலிருந்தே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் போனபோது கடைசி வீட்டில் தோட்டத்துக்காரர்கள் பூட்டுப் போட்டிருந்தார்கள். அதற்கடுத்த மாதம் கூரைத் தகரம் இல்லை. அவர் பயந்தது வெறும் பயம் இல்லை. அதற்குப் பிறகு கோப்பி ஊற்றும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றுகொள்வேன்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு போய் 'என்ன நோய்' என்று எடுத்ததும் கேட்காதீர்கள். நீங்கள் நல்லது செய்ய வந்தவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று முதலில் சொல்லுங்கள். நம்பமாட்டார்கள், திரும்பவும் சொல்லுங்கள். உங்கள் உடம்பிலும் ஏதாவது இருக்கும். முடிந்தால் அந்த நாற்காலியில் நீங்கள் முதலில் உட்காருங்கள்.

டாக்டர் சொன்ன பயிற்சியால் எனக்கு முக்கால்வாசி குணம். இப்போது கல்யாணத்துக்கெல்லாம் போக முடியும். கூப்பிட ஆள்தான் குறைவு.

எழுதியதில் தப்பு இருக்கலாம். கறுத்தது இடது காலா வலது காலா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை, அதனால் எழுதாமல் விட்டேன். மகளின் போன் நம்பரைக் கேட்க அன்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஜோகூர் பக்கம் இருக்கும் யாராவது பாக்கியம் அக்காவைப் பார்த்தால் எந்தக் கால் என்று கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுங்கள். கேட்டது சரசு என்றும் சொல்லுங்கள்.